கால் சுற்று காற்று

அப்பாவின் ஹோண்டா சி70 நான்கு ஆண்டுகளாக வீட்டு முன்புறத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. கை நடுக்கம் வந்தபின் அவர் அதைத் தொடவில்லை. போன மாதம் பழைய இரும்பு லோரி தெருவுக்குள் வந்தபோது, "கொடுத்துடுப்பா, இடமாவது மிஞ்சும்" என்றார். சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். அந்த அவசரம்தான் என்னை யோசிக்க வைத்தது. லோரியை அனுப்பிவிட்டேன்.

தோட்டத்து வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு என்னை ஏற்றிச் சென்ற வண்டி அது. 1958இல் வந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தாண்டியது. சின்ன மோட்டாரை எல்லாம் நாம் 'கப்சாய்' என்பதும் இந்தக் 'கப்'பால்தான்.

பிளக்கில் பொறி வந்தது. புதுப் பெட்ரோலும் ஊற்றினேன். உதைத்தால் இருமியதே தவிர ஓடவில்லை. "புது கார்புரேட்டர் வாங்கிப் போடுங்க" என்றார் மைத்துனர். கழற்றிப் பார்க்காமல் வாங்க எனக்கு மனமில்லை.

இன்றைய வண்டிகளில் பெட்ரோலை அளந்து தெளிப்பது கணினி. கார்புரேட்டரில் அந்த வேலையைக் காற்றே செய்கிறது. என்ஜின் இழுக்கும் காற்று குறுகிய கழுத்தில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியாக மேலேறும். கழிவறைத் தொட்டியில் நீரை நிறுத்தும் மிதவை போல, கிண்ணத்திலும் ஒரு மிதவை அளவைக் காக்கும். நின்றுபோன வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக இறுகிவிடும். ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. முதலில் அடைபடுவது அதுதான்.

வெள்ளைத் துண்டு விரித்து, ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைப்பேசியில் படமெடுத்தேன். ஜப்பானிய வண்டியின் திருகுகளுக்கு ஜேஐஎஸ் திருப்புளி வேண்டும். சாதாரண நட்சத்திரத் திருப்புளி தலையைத் தின்றுவிடும். காற்றுத் திருகைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதிக்கொண்டேன். ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டே கிளீனர் அடிக்க வேண்டும், இல்லையேல் அவை ஊதிவிடும். கண்ணாடி அணியுங்கள், ஒரு துளைக்குள் அடித்தால் இன்னொன்றின் வழியே கண்ணுக்கு வரும்.

இங்கேதான் தவறினேன். பைலட் ஜெட் திறக்கவில்லை என்று ஊக்கால் குத்திவிட்டேன். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டது. வண்டி ஓடியது, ஆனால் கரும்புகை கக்கியது. பிளக் கரி பிடித்தது. துளையைச் சிறிதாக்க வழியில்லை. அதே எண் கொண்ட புது ஜெட் தேடி உதிரிப்பாகக் கடைக்கு அலைந்தேன். பொறுமையாக ஓர் இரவு கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். கேஸ்கெட்டையும் மிதவை ஊசியையும் அன்றே மாற்றினேன். தேய்ந்த ஊசி பெட்ரோலைக் கசியவிடும்.

ஞாயிறு காலை எட்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. சற்று நேரம் தலை சாய்த்துக் கேட்டார்.

"சூடாகட்டும். அப்புறம் காற்றுத் திருகைக் கால் சுற்று வெளியே எடு."

எடுத்தேன். திக்கித் திணறிக்கொண்டிருந்த சத்தம் சீரானது. கையால் பிடிக்க முடியாத திருப்புளியை அவர் காதால் பிடித்துவிட்டார். வண்டியை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருக்கலாம். இரண்டு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால், பெட்ரோல் குழாயை மூடி, கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து மீதியை வடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஏற்கெனவே நின்றுபோயிருந்தால் கழற்றிப் பாருங்கள். பக்கத்தில், அதை ஓட்டியவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.