நீர் புகுந்த முகமூடியும் நிலைகுலையா நெஞ்சும்

கலை எதுவாயினும் அதன் வாயிலில் ஒரு தடைக்கல் கிடக்கும். வீணை பயில்வோர்க்கு விரல் நோவு, மிதிவண்டி பயில்வோர்க்குச் சாய்ந்து விழும் அச்சம், மேடையேறுவோர்க்கு நாவறட்சி. அவ்வாறே, காற்றுருளையை முதுகில் சுமந்து கடலடியில் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பைப் பயில்வோர்க்கும் ஒரு தடைக்கல் உண்டு. அது சுறாமீன் அன்று, ஆழமும் அன்று, இருளும் அன்று. முகத்தில் அணிந்த கண்ணாடி முகமூடிக்குள் புகுந்துவிடும் ஒரு கையளவு நீரே அது! அந்நீரை மேலே வராமல், நீருக்கடியில் இருந்தபடியே வெளியேற்ற வேண்டும். சொல்லுதற்கு எளிது, செய்யப் புகுங்கால் பலரும் திகைத்து நின்றுவிடுகின்றனர்.

கடற்காற்றே வீசாத ராசிபுரத்தில் அமர்ந்துகொண்டு கடலடிக் கலையைப் பேசுவானேன் என்று கேட்கலாம். கேள்வி முறையானதே. ஆயின், நம் வட்டாரத்து இளைஞர் இன்று கடல்சார் உயிரியல் கற்கின்றனர். கடற்படையிலும் கடலோரக் காவற்படையிலும் சேர்கின்றனர். சுற்றுலாத் தொழிலை நாடுகின்றனர். கடல் நமக்குத் தொலைவில் இருக்கலாம். கடல்சார் வாழ்வு தொலைவில் இல்லை. எனவே இத்தடைக்கல்லைப் பற்றிச் சிந்திப்பது நமக்கும் உரியதே.

கிணறு தந்த பழக்கம்

சேலம், நாமக்கல் சமவெளியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சற்பள்ளி எது? பாறையைக் குடைந்து வெட்டிய பாசனக் கிணறுகளே! அன்று முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கற்றனர். பின்னர் வண்டிச் சக்கரத்தின் காற்றுக் குழாயும் நெகிழிக் குடமும் துணை வந்தன. கிணற்று மேட்டிலிருந்து குதிக்கும் சிறுவன் என்ன செய்கிறான்? ஒரு கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொள்கிறான். மூக்கில் நீர் ஏறினால் உச்சந்தலை வரை எரியும் என்பதை முதல் நாளிலேயே அறிந்துகொள்கிறான். மூக்கைக் காத்தலே நீரில் பிழைத்தல் என்னும் பாடம் அவன் உடம்பில் பதிந்துவிடுகிறது.

இப்பாடம் கிணற்றுக்குப் பொருந்தும், முகமூடிக்குப் பொருந்தாது. இதுவே நாம் ஈண்டு வலியுறுத்த விரும்பும் கருத்து. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முகமூடிப் பயிற்சியில் தடுமாறுவது கோழைத்தனத்தால் அன்று. இத்தனை ஆண்டுகளாக மூடிப் பழகிய மூக்கைத் திறக்கச் சொல்கிறார்களே, அதனால்!

முன்னோர் அடைத்த மூக்கு

மூக்கை அடைத்து மூழ்குதல் உலகறிந்த பழைய முறையாகும். கொற்கை முத்தின் பெருமையைச் சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பும் அத்துறையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் விரைந்து இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் சிப்பிகளை வாரி மீண்டனர். கீழக்கரை முதலிய கடற்றுறைகளின் முஸ்லிம் மக்களும் பரதவ மக்களும் வழிவழியாகப் போற்றிய தொழில் அது.

பதினான்காம் நூற்றாண்டின் பெரும் பயணியான இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பைத் தம் பயண நூலில் விவரித்துள்ளார். அங்கே மூழ்குவோர் ஆமையோட்டால் செய்த முகமூடியை அணிந்து, அதே ஓட்டால் கத்தரி போல் அமைத்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டனர் என்கிறார். மஅபர் எனப்பட்ட தமிழ் நிலத்திற்கும் வந்து மதுரையைக் கண்டு சென்ற அப்பெரியாரின் குறிப்பு, மூக்கை அடைத்தலே அக்காலத்து மூழ்கு நெறி என்பதைத் தெளிவாக்குகிறது.

1943இல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்டோவும் எமில் கன்யானும் தேவைக்கேற்பக் காற்றை வழங்கும் மூச்சுக் கருவியை உருவாக்கியபோது இந்நெறி தலைகீழாயிற்று. மூச்சை அடக்க வேண்டுவதில்லை. வாயில் கவ்விய குழாய் வழியே இடைவிடாது மூச்சு வாங்கலாம். மூக்கோ முகமூடிக்குள் வேறொரு பணியை ஏற்றது.

மூக்கு ஏன் முகமூடிக்குள்?

கண்ணுக்கும் நீருக்கும் இடையே காற்று இருந்தால்தான் நீருக்கடியில் உருவங்கள் தெளிவாகத் தெரியும். அக்காற்றறையை அமைப்பதே முகமூடி. ஆனால் கீழிறங்க இறங்க நீரின் அழுத்தம் மிகும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் இரு மடங்காகிவிடும். உள்ளிருக்கும் காற்று சுருங்க, முகமூடி முகத்தைக் கவ்வி இழுக்கும். கண்ணின் நுண்குழாய்கள் வெடித்துச் சிவத்தலும் உண்டு. மூக்கின் வழியே சிறிது காற்றை முகமூடிக்குள் விட்டால் அவ்விழுப்புத் தணிகிறது. நீச்சற்குளத்துக் கண்ணாடியை அணிந்து ஆழத்தில் இறங்கலாகாது என்பதன் காரணமும் இதுவே. அதில் மூக்கு வெளியே நின்றுவிடுகிறதன்றோ?

நீரை வெளியேற்றுவதும் அதே மூக்குதான். காற்று நீரினும் இலேசானது. மேலே ஏறி நிற்கும். முகமூடியின் மேல்விளிம்பை நெற்றியோடு விரல்களால் மெல்ல அழுத்தி, முகத்தைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தி, மூக்கின் வழியே நிதானமாக மூச்சை விட வேண்டும். மேலே சேரும் காற்று நீரைக் கீழே தள்ளும்; நீர் அடிவிளிம்பின் வழியே வெளியேறும். ஒரு மூச்சில் நீங்காவிடில் வாயால் மீண்டும் மூச்சு வாங்கி மறுமுறை செய்யலாம். குறை எங்கெங்கே நேரும்? முகமூடி முழுவதையும் அழுத்தினால் நீருக்கு வழி அடைபடும். தும்முவது போல் சட்டென ஊதினால் காற்று வீணாகும். முகத்தைக் கவிழ்த்தால் நீர் கண்ணாடிப் பக்கமே தங்கும். விளிம்பின் கீழ்த் தலைமயிரோ தலைத்துணியோ சிக்கினாலும், மீசை அடர்ந்திருந்தாலும் நீர் கசிந்துகொண்டேயிருக்கும்.

அச்சம் இழுக்கன்று

முறை இத்துணை எளிதாயின் இடர்ப்பாடு எங்கே? உடலின் இயல்பிலே இருக்கிறது. குளிர்ந்த நீர் முகத்தில் பட்ட அளவில் மூச்சு தடைப்படுவதும் இதயத் துடிப்புத் தாழ்வதும் மனிதர்க்கு இயற்கையாய் அமைந்தவை. வாயில் மூச்சுக்குழாய் சீராகக் காற்றைத் தந்துகொண்டிருந்தும், மூக்கை நீர் நனைத்ததும் உடல் ஏமாந்துபோகிறது; மூழ்குகிறோம் என்றே எண்ணிவிடுகிறது. தம்மையறியாமல் மூக்கால் உறிஞ்சுகிறார். நீர் தொண்டைக்கு ஏறுகிறது. மேலே பாயத் துடிக்கிறார்.

இத்துடிப்பே பேரிடர். நீரடியில் நிறைய மூச்சு வாங்கியவர் அதை அடக்கியபடி பத்து மீட்டரிலிருந்து மேலே பாய்ந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காய் விரிய முயலும். நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே முகமூடி நீரை இருந்த இடத்திலேயே நீக்கும் பயிற்சி அலங்காரத் திறமையன்று, உயிர்காப்புத் திறமை. பன்னாட்டு முக்குளிப்புப் பயிற்சிகளில் பாதியளவு நீர் புகவிட்டு நீக்குதல், முழுவதும் நிரப்பி நீக்குதல், முகமூடியைக் கழற்றி மீண்டும் அணிதல் என்று படிப்படியாகத் தேர்ச்சி கேட்பதன் காரணம் இதுவே.

இந்நிலையில், தயங்கும் மாணவரை நோக்கி, 'இதற்கே அஞ்சினால் கடலில் என்ன செய்வாய்?' என்று எள்ளுதல் முறையாகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. எள்ளல் மூச்சை இன்னும் விரைவாக்கும்; விரைந்த மூச்சு இன்னும் நீரை உறிஞ்சும். மனவுறுதி ஒன்றே போதும் என்பாரும் உளர். உறுதி தேவைதான், எனினும் உடல் கற்ற பழைய பாடத்தைப் புதிய பாடத்தால் மாற்றும் வரை உறுதி மட்டும் நின்று உதவாது. மாற்றுவது பழக்கம், பழக்கத்திற்குத் தேவை பொறுமையும் சிறு சிறு படிகளும்.

முதலில் காய்ச்சி ஆற்றிய தூய நீரை அகன்ற ஏனத்தில் நிரப்பி, முகமூடியின்றி முகத்தை நனைத்து, குழாயை வாயில் கவ்வி வாயால் மட்டும் மூச்சு வாங்கி மூக்கால் விடப் பழகலாம். பின்னர் ஆசிரியர் துணையோடு இடுப்பளவு நீரில் நின்று, முகமூடிக்குள் மூக்கின் கீழே நிற்குமளவு சிறிது நீரை விட்டு நீக்கலாம். அடுத்துக் கண்ணளவு, அதன்பின் முழுவதும். ஒரு படியில் மனம் அமைந்த பிறகே மறுபடி. மூக்கு நீரைத் தாங்காத உறுப்பன்று. தொழுகைக்கு முன் உளூச் செய்வோர் நாள்தோறும் பலமுறை மூக்கினுள் நீர் செலுத்திச் சிந்துகின்றனர். யோகம் பயில்வோர் ஜலநேதி செய்கின்றனர். அவர்களை நீர் அச்சுறுத்துவதில்லை. தாமே அளவோடு ஏற்றுக்கொள்வதால் அன்றோ? முகமூடி நீரையும் அவ்வாறே எதிர்பார்த்து ஏற்கக் கற்றால் பாதி அச்சம் அகன்றுவிடும்.

நாம் செய்யத்தக்கது

கற்றவர்க்குக் காத்திருக்கும் உலகம் சிறிதன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகளை அடக்கிய மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா 1986இல் அமைந்தது. அங்கே பவளப் பாறைகளை ஆய்வோர் நீரில் மூழ்கியே ஆய்கின்றனர். பூம்புகார்க் கடலடியில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் மூழ்கித் தொன்மை தேடினர். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் காற்றுருளையின்றிக் கண்ணாடி அணிந்தே மூழ்குகின்றனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி 2015இல் சீகாலஜி பரிசு பெற்றார். எழுத்தறிவு குறைந்த அன்னையர் ஆற்றும் செயலை நம் பட்டதாரிகள் ஆற்ற இயலாதா?

கடலுக்கே செல்லாதவர்க்கும் இப்பயிற்சியால் பயன் உண்டு. நம் மாவட்டத்தில் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் எனக் காவிரிக் கரை நீள்கிறது. கிணறுகளோ ஊர்தோறும் உள்ளன. கோடை விடுமுறையில் நீருக்குப் பலியாகும் பிள்ளைகளைப் பற்றிய செய்தியின்றி ஓராண்டும் கழிவதில்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் அவை சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. முகத்தில் நீர் மோதும்போது பதறாமை நீச்சலின் பாதியாகும். அப்பாதியைக் கை வீச்சும் கால் வீச்சும் கற்பிப்பதில்லை.

ஆதலின் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகள் நீச்சலோடு இம்மூச்சுப் பயிற்சியையும் இணைக்க வேண்டும். மாணவியர்க்குப் பெண் பயிற்சியாளரும் தனி நேரமும் அமைய வேண்டும். இதனைக் குளோரின் இட்டுப் பேணும் நீச்சற்குளத்தில், தகுதிச் சான்று பெற்றவர் முன்னிலையில் நடத்துதல் இன்றியமையாதது. தேங்கிய குட்டையிலும் பாழ்கிணற்றிலும் மூக்கில் நீர் ஏற்றிப் பழகுதல் கூடவே கூடாது. அத்தகைய நீரில் வாழும் அமீபா மூக்கின் வழியே மூளையைத் தாக்கிய துயரத்தை 2024, 2025 ஆண்டுகளில் அண்டை மாநிலமான கேரளம் கண்டது.

நீர் புகாத முகமூடி இல்லை. இடர் புகாத வாழ்வும் இல்லை. எங்கும் புகாமல் காப்பதே கல்வி என்று எண்ணிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். புகுந்ததைப் பதற்றமின்றி வெளியேற்றக் கற்பிப்பதே கல்வி என்று இனியேனும் கொள்வோமாக! மேலே பாயாமல், இருந்த இடத்தில் நின்று, மூச்சைச் சீராக்கி, தலையை நிமிர்த்திக்கொள்ளும் இளைஞர் முன் கலங்கிய கண்ணாடி தெளியும். அதன் அப்பால் கடலும் தெரியும்.