பேட்டியா, போஸ்டரா?

தீபாவளிக்கு மழை வருகிறதோ இல்லையோ, டிவியில் நட்சத்திரப் பேட்டி வந்துவிடும். "ஷூட்டிங்ல நடந்த கலாட்டா ஏதாவது சொல்லுங்க சார்!" கேட்கும்போதே தொகுப்பாளர் சிரிக்கிறார். பதில் அவருக்கு முன்பே தெரியும். விளம்பரத்துக்கு நடுவே இன்னொரு விளம்பரம், அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்றால், "பொழுதுபோக்கு நிகழ்ச்சிதானே" என்று ஒரு சால்ஜாப்பு.

டேவிட் ஃப்ராஸ்ட் கூட பொழுதுபோக்கு ஆள்தான். பிரிட்டன் டிவியில் நையாண்டி நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கியவர். 1974ல் பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்சனை 1977ல் பேட்டி எடுத்தார். அதற்கு நிக்சனுக்கு 6 லட்சம் டாலர் சம்பளம் வேறு! (காசு கொடுத்துப் பேட்டி வாங்குவது அசிங்கம்தான். அது தனிக் கச்சேரி.) ஆனால் கேள்விகளை முன்கூட்டிக் காட்டவில்லை. அவருடைய ஆய்வாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் வாஷிங்டன் நீதிமன்றக் கோப்புகளைக் குடைந்து, யாரும் அதிகம் கவனிக்காத நிக்சன், கோல்சன் உரையாடல் பதிவைத் தேடி எடுத்தார். 12 நாள் படப்பிடிப்பு, 28 மணி நேரத்துக்கு மேல் பேச்சு. வாட்டர்கேட் விவகாரம் வந்தபோது ஃப்ராஸ்ட் அந்தப் பதிவிலிருந்தே வரிகளை எடுத்துப் போட்டார். மக்களைக் கைவிட்டுவிட்டேன் என்று கடைசியில் நிக்சனே சொன்னார்.

நடிகரிடம் வாட்டர்கேட் கேட்க முடியாது, சரி. டூப் போட்டு அடிபட்ட சண்டைக் கலைஞருக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்கலாமே? அதற்கு முதலில் யாருக்கு அடிபட்டது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். அட்டையைப் பார்த்து "பிடிச்ச கலர் என்ன சார்?" என்பது சுலபம்.