விராலின் மூச்சும் எண்ணெய்க் குழாயும்

வாய்க்கால் மதகடியில் விரால் மீனைக் கவனித்திருக்கிறீர்களா? அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. அதன் முட்டைகளும் நீரின்மேல்தான் மிதக்கும். விராலுக்கு நீர்ப்பரப்பே மூச்சு, அதுவே தொட்டில்.

கச்சா எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. அது கசிந்தால் அதே நீர்ப்பரப்பில்தான் படரும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் குளத்தில் அரை ஏக்கர் வரை பரவுவதை 18ஆம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டார். கச்சா எண்ணெயிலுள்ள பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களோ நீரில் கரைந்து, அடியில் வாழும் மீன்களையும் தாக்கும்.

இது வெறும் கற்பனையன்று. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயிலிருந்து வயலில் எண்ணெய் கசிந்தது. 2023 மார்ச் மாதம் நாகை மாவட்டம் பட்டினச்சேரியில் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் குழாய் கசிந்து, எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் போராடினர்.

2020இல் தமிழக அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய குழாய்களை என்ன செய்வது?

"இரு முனைகளிலும் எண்ணெயை அளந்தால் கசிவு தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 10,000 லிட்டர் ஓடுகிறது, அளவுமானியில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை என்று கொள்வோம். மணிக்கு 100 லிட்டர் கசிந்தாலும் அது பிழைக்குள் மறைந்துவிடும். ஒரு நாளைக்கு 2,400 லிட்டர்! பெரிய உடைப்பைக் கருவி காட்டும். சிறு கசிவை வயலுக்குப் போகும் உழவர்தாம் முதலில் காண்பார்.

எண்ணெயே வேண்டாம் என்பதன்று என் வாதம். கசிந்தபின் இழப்பீடு தருவது மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதே. ஈரமண்ணில் இரும்பு அரிக்கப்படும் என்பது வேதியியல் பாடம். குழாய்ச் சுவரின் கனத்தை உள்ளிருந்தே அளக்கும் கருவிகள் இன்று உள்ளன. குறித்த கால இடைவெளியில் அளந்து, அந்த முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஆறு, வாய்க்காலைக் குழாய் கடக்கும் இடந்தோறும் இரு கரையிலும் அடைப்பு வால்வு இருக்க வேண்டும். மெலிந்த குழாயை, கசியும்வரை காத்திராமல் மாற்ற வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும், உண்மைதான். ஆனால் கல்லணையில் பிரியும் நீர் ஆறு, வாய்க்கால், வயல் என்று ஊர் ஊராக இறங்கிச் செல்கிறது. ஓர் ஊரில் விழுந்த எண்ணெய் அந்த ஊரோடு நிற்காது. உங்கள் ஊரில் குழாய் எங்கே செல்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.