சினிமா ஏன் பாத்ரூமுக்குள் போகிறது? ‘சைக்கோ’ முதல் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ வரை

ஆபீஸில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அழுகை முட்டிக்கொண்டு வந்தால் எங்கே போவீர்கள்? கேன்டீனுக்கா, பார்க்கிங்குக்கா? பெரும்பாலானவர்கள் போவது ரெஸ்ட்ரூமுக்குத்தான். தாழ்ப்பாளைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ரெண்டு நிமிஷம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி சீட்டுக்கு வந்துவிடுவோம். வீட்டிலும் அதே கதைதான். “ஏன் கதவைச் சாத்தினே?” என்று யாரும் கேட்காத ஒரே அறை அது.

இது சினிமாக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். ஊருக்குக் காட்டும் முகத்தை ஒரு கதாபாத்திரம் கழற்றி வைக்க வேண்டுமென்றால், கேமரா பாத்ரூமுக்குள் நுழையும். ஆனால், நினைவில் நிற்கும் பாத்ரூம் காட்சிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அவை திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பது தெரியும்: தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது?

‘சைக்கோ’ என்ன செய்தது?

1960 வரை ஹாலிவுட் படங்களில் டாய்லெட்டைக் காட்டுவதே அநாகரிகம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் நாயகி மரியன், கணக்கு எழுதிய காகிதத்தைக் கிழித்து டாய்லெட்டில் போட்டு ஃபிளஷ் செய்வாள். அமெரிக்கப் படங்களில் அப்படியொரு காட்சி வந்தது அதுதான் முதல்முறை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

அடுத்து வருவதுதான் அந்தப் புகழ்பெற்ற ஷவர் கொலை. படமாக்க ஏழு நாட்கள் ஆயின. 78 கேமரா அமைப்புகள், 52 வெட்டுகள். இந்த ஒரு காட்சியைப் பற்றியே 2017-ல் ‘78/52’ என்று ஒரு முழுநீள ஆவணப்படம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார்கள்.

கத்தியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதற்குச் சற்று முன்பு வரும் ஷாட்டைத்தான் கவனிக்க வேண்டும். சுவரில் உள்ள ஓட்டை வழியாக, மரியன் உடை மாற்றுவதை நார்மன் எட்டிப் பார்ப்பான். கேமராவும் அதே ஓட்டை வழியாகத்தான் பார்க்கும். அதாவது, நாமும்தான். கதவை மூடிவிட்டதால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அவள் நம்பும்போதே அந்த நம்பிக்கை உடைந்துபோயிருக்கிறது. ஹாஸ்டல் பாத்ரூமில் ரகசிய கேமரா என்று செய்தி வரும் காலத்தில், இந்தக் காட்சி இன்னும் பழசாகவில்லை.

டாய்லெட் ஏன் உயரத்தில் இருக்கிறது?

போங் ஜூன் ஹோவின் ‘பாரசைட்’ (2019) படத்தில் ஏழைக் குடும்பம் வசிப்பது பாதி தரைக்கடியில் இருக்கும் வீட்டில். அங்கே டாய்லெட் மட்டும் மேடைமேல் சிம்மாசனம் மாதிரி உட்கார்ந்திருக்கும். அண்ணனும் தங்கையும் பக்கத்துக் காபி ஷாப்பின் வைஃபையைப் பிடிக்க அங்கேதான் ஏறி உட்காருவார்கள்.

இது கலை இயக்குநரின் குறும்பு இல்லை. கொரியாவில் இத்தகைய வீடுகளுக்கு ‘பான்ஜிஹா’ என்று பெயர். தெருவின் கழிவுநீர்க் குழாயைவிட வீட்டின் தரை தாழ்ந்திருப்பதால், டாய்லெட்டை உயர்த்தித்தான் கட்ட முடியும். அந்த வீட்டில் மனிதர்களைவிட மலம் ஒரு படி மேலே இருக்கிறது. ஏழ்மையைச் சொல்ல வேறு வசனமே தேவையில்லை.

படத்தில் பெருமழை வரும்போது, சாக்கடை நீர் டாய்லெட் வழியாகப் பீறிட்டு வரும். தங்கை மூடியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைப்பாள். 2022 ஆகஸ்ட்டில் சியோலில் நிஜமாகவே பெருமழை பெய்தது. பான்ஜிஹா வீடு ஒன்றில் தண்ணீர் புகுந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இத்தகைய வீடுகளைப் படிப்படியாக ஒழிப்போம் என்று சியோல் நகர நிர்வாகம் அறிவித்தது.

எந்தக் கதவு யாருக்கு?

‘ஹிடன் ஃபிகர்ஸ்’ (2016) படத்தில் நாசாவின் கறுப்பினக் கணித மேதை கேத்தரின் ஜான்சன், கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறையைத் தேடி ஃபைல்களோடு அரை மைல் ஓடுவார். கடைசியில் வெள்ளைக்கார மேலதிகாரி அந்தப் பெயர்ப்பலகையை அடித்து உடைப்பார். தியேட்டரில் கைதட்டல் வாங்கிய காட்சி.

ஆனால், நடந்தது அப்படியில்லை. கழிப்பறை அவமானத்தைச் சந்தித்தவர், அவருடைய சக ஊழியர் மேரி ஜாக்சன். ஜான்சன், பலகை எதுவும் மாட்டாத கழிப்பறையைப் பயன்படுத்தினார்; விஷயம் தெரிந்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. பலகையை உடைத்த அந்த அதிகாரி ஒரு கற்பனைப் பாத்திரம். ஒரு பெண் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்ட உரிமையை, ஒரு ஆண் கொடுத்த பரிசாகப் படம் மாற்றிவிட்டது.

கதவே இல்லாவிட்டால்?

நம் நாட்டில் கேள்வி இன்னும் அடிப்படையானது. ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ (2016) படத்தில், கட்டிக்கப்போறவன் வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது மட்டுமே மல்லிகாவின் ஆசை. அரசுத் திட்டத்தில் கழிப்பறை வருகிறது. ஊழல் தின்றதுபோக, அரைகுறையாக. அது இடிந்து விழுந்து அவள் கோமாவுக்குப் போகிறாள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டே அக்‌ஷய் குமாரின் ‘டாய்லெட்: ஏக் பிரேம் கதா’ வந்தது. அதிலும் புதுமணப்பெண், வீட்டில் கழிப்பறை இல்லை, அதே பிரச்சினை. ஆனால், கை காட்டும் திசை வேறு. இந்திப் படத்தில் முதல் தடை அப்பாவின் ஆசாரம். வீட்டுக்குள் கழிப்பறை கூடாது என்கிறார். தமிழ்ப் படத்தில் தடை, திட்டப் பணத்தைப் பங்கு போடும் கைகள். ஒன்று ‘மக்கள் மாறணும்’ என்கிறது. இன்னொன்று ‘பணம் எங்கே போச்சு?’ என்று கேட்கிறது.

சுத்தம் செய்பவர் எங்கே?

மேலே சொன்ன படங்களில் ஒரு ஆள் கதையின் மையத்துக்கு வரவே இல்லை: பாத்ரூமைக் கழுவுபவர். அவரைக் கதாநாயகனாக்கிய படம் விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023). ஹிராயாமாவாக நடித்த கோஜி யாகுஷோவுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் உருவாக்கிய 17 பொதுக் கழிப்பறைகளை ஒட்டிப் பிறந்த படம் இது. அவற்றில் ஷிகெரு பான் வடிவமைத்தவற்றுக்குக் கண்ணாடிச் சுவர்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால்தான் கண்ணாடி மங்கி மறைக்கும்.

அழகான படம்தான். ஆனால், அந்தக் கழிப்பறைகள் ஹிராயாமா போவதற்கு முன்பே முக்கால்வாசி சுத்தமாகத்தான் இருக்கும். நிஜத்தைப் பார்க்க வேண்டுமென்றால், திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்குத்தான் போக வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013-ல் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும், தமிழ்நாட்டில் அது தொடர்வதைக் காட்டிய படம். திரையிட அனுமதி மறுக்கப்பட்டு, கடைசியில் யூடியூபில்தான் வெளியானது.

ஆனாலும், ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தில் ஒரு காட்சி இரண்டு ஊருக்கும் பொது. அம்மாவைத் தொலைத்துவிட்டு, கழிப்பறைக்குள் ஒரு சிறுவன் அழுதுகொண்டிருப்பான். ஹிராயாமா அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவார். அம்மா ஓடி வருவாள். ஒரு நன்றிகூடச் சொல்லாமல், அவர் பிடித்திருந்த பிள்ளையின் கையை ஈரத்துணியால் துடைப்பாள்.

அந்தக் காட்சிக்கு நம்மூரில் யாருக்கும் சப்டைட்டில் தேவைப்படாது.