கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டுகள்

காலையில் மாரிக்குப்பத்தில் இருந்து பெங்களூர் வரும் ரெயிலைப் பாருங்கள். நிற்க இடம் இல்லாத கூட்டத்தில் கறுப்புக் கோட்டை மடித்துத் தோளில் போட்டபடி நம் இளம் வக்கீல்கள் வருகிறார்கள். பாட்டன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பேரன் சட்டம் படித்துக் கோர்ட்டுப் படி ஏறுகிறான். பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. கோர்ட்டில் வாதாடும் இந்தப் பிள்ளைகள், வக்கீல்கள் மாநாடு, சட்டக் கருத்தரங்கு என்றால் மட்டும் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள்.

காபி வேளையில் வந்த கேள்வி

நான் ரெயில்வே குமாஸ்தா. பத்தாவது வரை படித்தவன். ஓய்வு நேரத்தில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறேன். அந்த வகையில், ரெயில் விபத்து நஷ்ட ஈடு பற்றிய ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன்.

ஓடும் ரெயிலில் இருந்து தவறி விழுந்து பயணி இறந்தால், குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய். 2017 ஜனவரி முதல் இந்தத் தொகை. இறந்தவரிடம் டிக்கெட் இல்லை என்பதற்காக மட்டும் வழக்கைத் தள்ளக் கூடாது. குடும்பத்தார் பிரமாண வாக்குமூலம் கொடுத்து விவரம் சொன்னால், நிரூபிக்கும் பொறுப்பு ரெயில்வேயின் பக்கம் போகும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் கூறியது. மேடையில் இருந்தவர்கள் இதை நன்றாகவே விளக்கினார்கள்.

காபி குடிக்கும்போது ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, தீர்ப்பு சரி. என் கட்சிக்காரம்மாவின் புருஷனுடைய சட்டையை ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அப்புறம்தான் போலீஸ் வந்து பொருள் பட்டியல் எழுதியது. பட்டியலில் 'டிக்கெட் இல்லை' என்று இருக்கிறது. சட்டை போன வழியை ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரைக் கொண்டு நிரூபிக்கலாமா என்று கேட்க நினைத்தேன்."

"ஏன் தம்பி கேட்கவில்லை?"

"எல்லாரும் பெரிய சீனியர்கள். இங்கிலீஷ் தடுமாறினால் சிரிப்பார்கள்."

அந்தக் கேள்வி சபையில் ஒலித்திருந்தால், அதே மாதிரி வழக்கு வைத்திருக்கும் நாலு பேர் குறிப்பு எடுத்திருப்பார்கள். வழி தெரிந்த ஒரு சீனியர் பதில் சொல்லியிருப்பார். வக்கீலின் கூச்சத்துக்கு விலை கொடுப்பது வக்கீல் அல்ல, அந்த விதவை.

வாய்தான் அறிமுகம்

விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அப்படியானால் ஒருவருடைய திறமை மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா வக்கீல் என்றால் அறிமுகம் வீட்டிலேயே கிடைத்துவிடும். சுரங்கத் தொழிலாளியின் பேரனுக்கு அவன் வாய்தான் அறிமுகம். விசிட்டிங் கார்டைச் சீட்டுக்கட்டு மாதிரி விநியோகிப்பதும், பெரியவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொள்வதும் அறிமுகம் ஆகாது.

பாரிஸ்டர் காந்தி பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தமது முதல் வழக்கில் எழுந்து நின்றார். நாக்கு எழவில்லை. வாங்கிய 30 ரூபாய் பீசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அவரே 1893-ல் பிரிட்டோரியாவில் இந்தியர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அங்கே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. விஷயம் இருந்தால் பயம் தானாக விலகும்.

ஆகவே தம்பி, தங்கைகளே! நிகழ்ச்சி நிரலை முதல் நாளே படியுங்கள். கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். எழுந்து பெயர், ஊர், எந்தக் கோர்ட்டு என்று சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இங்கிலீஷ் வரவில்லையா? கன்னடத்தில் கேளுங்கள். இந்த மாநிலத்தின் கீழ்க் கோர்ட்டுகளில் புழங்கும் மொழிதானே? கூட்டம் முடிந்ததும் பேச்சாளரிடம் போய், அவர் சொன்னதில் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுங்கள். அடுத்த வாரம், அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று ஒரு கடிதம் போடுங்கள். உறவு அப்படித்தான் வளரும்.

சீனியர்களுக்கு ஒரு வார்த்தை

குற்றம் முழுவதும் பிள்ளைகள் மேல் இல்லை. மாலை, பொன்னாடை, வரவேற்புரை என்று பாதி நேரம் போகிறது. கேள்வி நேரம் வரும்போது, கடைசி ரெயிலைப் பிடிக்க வேண்டிய பெண் வக்கீல்கள் எழுந்து போய்விடுகிறார்கள். மைக் பின் வரிசைக்கு வருவதே இல்லை. முதல் மூன்று கேள்விகள் ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட ஜூனியர்களுக்கு என்று ஒதுக்கினால் என்ன? ஜூனியரைக் கட்டுத் தூக்க மட்டும் அழைத்து வராமல், "இவர் இன்னார், இந்த வழக்கை நன்றாக நடத்தினார்" என்று நாலு பேரிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

டிக்கெட் கவுண்ட்டரில் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாலும், போகும் ஊரின் பெயரை வாய் திறந்து சொல்லாதவருக்கு என்னால் டிக்கெட் கொடுக்க முடியாது.