ஏழுகடலும் ஒரு குப்பித் தண்ணீரும்

மதுரையில் மீனாக்ஷி கோவிலுக்குக் கிழக்கே ஏழுகடல் தெரு என்று ஒன்று இருக்கின்றது. காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாளென்றும், அதற்காகச் சிவன் ஏழு கடல்களையும் அவ்விடத்திற்கே வரவழைத்தாரென்றும் திருவிளையாடல் கதை சொல்லுகின்றது. ஏழுகடல் வந்த ஊரில் சித்திரை வெயிலில் ஜனங்கள் குடத்தோடு நிற்பானேன் என்று நாம் கேட்கவில்லை. கதை சொன்னவர்களில் எவராவது அக்கடலில் ஒரு குப்பித் தண்ணீரை மொண்டு பரீக்ஷித்ததுண்டா என்றுதான் கேட்கின்றோம்.

நிற்க, விஞ்ஞானிகள் இன்று அக்காரியத்தைத்தான் செய்கின்றார்கள். ஆழ்கடலில் குப்பியை இறக்கி, வேண்டிய ஆழத்தில் மூடி, மேலே எடுத்த நீரை மிக நுண்ணிய வடிகட்டியில் வடிக்கின்றார்கள். மீனும் நண்டும் புழுவும் உதிர்த்த தோல், சளி, மலம் இவைகளிலுள்ள டி.என்.ஏ. அதில் தங்குகின்றது. அதைப் பன்மடங்காகப் பெருக்கி, அதன் வரிசையைப் படித்து, முன்னமே தெரிந்த ஜீவன்களின் வரிசையோடு ஒத்துப் பார்த்தால், கண்ணில் படாத பிராணியும் அடையாளம் தெரிகின்றது.

இதையும் வேதவாக்காக நம்பும்படி நாம் சொல்லவில்லை. நீரோட்டத்தில் வந்த துணுக்கு அவ்விடத்து ஜீவனுடையதாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. ஒப்பிடும் பட்டியலோ முழுமையானதல்ல. எடுத்தவர் கையின் அழுக்கும் கலந்துவிடலாம். ஆதலால் சுத்தமான நீரையும் கூடவே பரீக்ஷித்து, தங்கள் தப்பைத் தாங்களே தேடுகின்றார்கள். புராணத்தில் இந்த வழக்கம் உண்டா? 1843ல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர், சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது என்று கருதினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல், அதைவிடப் பன்மடங்கு ஆழத்திலிருந்தும் ஜீவன்களை வாரி எடுத்து அக்கருத்தைப் பொய்யாக்கிற்று. பெரியவர் சொன்னாரே என்று வலையைச் சுருட்டிக்கொண்டு எவரும் வீட்டுக்குப் போய்விடவில்லை.

இதனால் மதுரைக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். மத்திய இந்துமகா சமுத்திரத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மாங்கனீசு, நிக்கல், கோபால்டு, செம்பு கலந்த கட்டிகளை ஆராய 2002ல் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. 2021ல் ஆழ்கடல் திட்டத்திற்கென 4,077 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய சர்க்கார் தீர்மானித்தது. அதில் வைகைக்கரைக் குடியானவனின் வரிப்பணமும் இருக்கின்றது. அக்கட்டிகள் சில மில்லிமீட்டர் வளரப் பத்து லக்ஷம் வருஷமாகும். அவைகளை வாரும் யந்திரம் அங்குள்ள ஜீவன்களையும் சேர்த்தே வாரும். என்ன இருந்தது என்ற கணக்கே இல்லாவிட்டால், என்ன அழிந்தது என்று பின்னால் எவரைக் கேட்பது?

ஆகவே முதலில் கணக்கு, பிறகு யந்திரம் என்பதே நமது அபிப்பிராயம். அக்கணக்கும், பணம் கொடுத்த ஜனங்கள் படித்துக் கேள்வி கேட்கும்படி, தமிழில் வெளிவர வேண்டும்.