சிறுகைத் தையல்

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும், பொறிகளின் உறுப்புகளை ஆக்கும் ஆலைகளும் பல உள்ளன. முறை மாறி அவற்றிற்குப் பணிக்குச் செல்லும் பெற்றோரைக் கண்டு வளரும் இளஞ்சிறார், பொருள்கள் யாவும் பொறியின் வாயிலிருந்தே முழுமையாக வெளிவருகின்றன என்று எண்ணினால் அதில் வியப்பில்லை. சட்டையில் ஒரு பொத்தான் அறுந்து விழுந்தால், அச்சட்டையையே ஒதுக்கிவிட்டு வேறொன்று கேட்கும் வழக்கம் இன்று பல இல்லங்களில் காணப்படுகிறது. பொத்தான் தைக்க வேண்டுவன ஓர் ஊசியும், ஒரு முழ நூலும், சிறிது நேரமுமே. இவை மூன்றும் வீட்டில் உள்ளன. தைக்கப் பழகிய கை ஒன்றே இல்லை. இக்குறையைப் போக்குதற்குரிய இடம் பள்ளி. அதற்குரிய பருவம் இளமை.

இக்குறை இந்நிலத்தில் காணப்படுவது பெரிதும் வருந்தத்தக்கது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ளது பழவேற்காடு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர் அங்கு வந்து தங்கினர். 1613ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டையையும் அமைத்தனர். அவர்களை அங்கு ஈர்த்தவற்றுள் தலையாயது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே ஆகும். அத்துணி கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றது. பழவேற்காடு என்னும் பெயர் ஐரோப்பியர் நாவில் ‘புலிக்கட்’ எனத் திரிந்தது; பின்னர் வண்ணக் கைக்குட்டை ஒன்றின் பெயராக ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றது. ஊரின் பெயரே பொருளின் பெயராயிற்று. இம்மாவட்டத்தின் மேற்கிலுள்ள பொதட்டூர்ப்பேட்டையும் அம்மையார்குப்பமும் நெசவால் பெயர்பெற்ற ஊர்கள். இத்தகைய நிலத்தில் பிறந்த சிறுவன் தன் கைக்குட்டையின் ஓரத்தை மடித்துத் தைக்க அறியாதவனாய் இருத்தல் தகுமோ?

தையற்பயிற்சியை மிக எளிதாகத் தொடங்கலாம். ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு முதலில் துணி வேண்டுவதில்லை. தடித்த அட்டையில் ஓர் இலையின் வடிவை வரைந்து, அதன் ஓரமாகத் துளைகள் இட்டு, முனை மழுங்கிய பெரிய ஊசியையும் வண்ண நூலையும் கொடுத்தால் போதும். துளைதோறும் நூல் ஏறி இறங்க, இலை வடிவம் பெறுகிறது. அடுத்து, இழைகளைக் கண்ணால் எண்ணத்தக்க முரட்டுத் துணியில் ஓட்டுத்தையல் பழக வேண்டும். அதன்பின் உறுதி தரும் பின்தையலும், அழகு தரும் சங்கிலித்தையலும், குறுக்குத்தையலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆயினும் தையல் வகைகளைக் கற்பித்தல் மட்டும் போதாது. எழுதுகோல் வைக்கும் சிறு பை, ஊசிகளைச் செருகி வைக்கும் மெத்தை, ஓரம் மடித்த கைக்குட்டை ஆகியவற்றுள் ஒன்றையேனும் குழந்தை செய்து முடித்தல் வேண்டும். தான் செய்த பையில் தன் எழுதுகோலை வைக்கும் குழந்தையின் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி, கடையில் வாங்கிய பையால் விளைவதன்று.

இப்பயிற்சியால் அறிவும் வளர்கிறது. நீலகிரியில் வாழும் தோடர் குலப் பெண்டிர் வெண்ணிறப் பருத்தித் துணியில் செந்நூலாலும் கருநூலாலும் பூவேலை செய்கின்றனர். அவர்கள் துணியின்மேல் கோலம் வரைந்து கொள்வதில்லை. பாவும் ஊடுமாகிய இழைகளைக் கண்ணால் எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். ஓர் இழை பிழைத்தால் கோலம் முழுவதும் பிழைபடும். தாயிடமிருந்து மகள் கற்றுவரும் இக்கலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. எண்ணும் அளவும் அவர்கள் விரல்நுனியில் வாழ்கின்றன எனலாம். குறுக்குத்தையல் பழகும் குழந்தையும் அவ்வாறே எண்ணுகிறது. பிழை நேர்ந்தால் நூலைப் பிரித்து மீண்டும் தைக்கிறது. பிழையை மறைக்காமல் பிரித்துத் திருத்தலாம் என்னும் இப்பாடம், வாழ்நாள் முழுதும் பயன்படுவதன்றோ?

தையல் பெண்மக்களுக்கே உரியது என்பார் சிலர். தையல் என்னும் சொல் தைத்தலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். அதுகொண்டு இத்தொழிலைப் பெண்களுக்கே உரியதாக்குதல் பொருந்தாது. சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த கைவினைஞரைக் கூறுமிடத்துத் துன்னகாரரையும் கூறுகின்றது. துன்னகாரர் என்போர் தையற்கலைஞர். நகரச் சிறப்பைக் கூறும் புலவர், தையலை மற்றத் தொழில்களோடு ஒப்ப வைத்தே எண்ணினார். இன்றும் கடைத்தெருவில் தையற்பொறியை மிதிப்போருள் ஆடவர் பலர். பழவேற்காட்டு ஏரிக்கரையில், கிழிந்த வலையைக் கண்ணறை கண்ணறையாக முடிந்து சீர்செய்யும் மீனவரும் ஆடவரே. அவர்தம் கைக்கு இழுக்கு வராதபோது, பள்ளிச் சிறுவன் ஊசி எடுப்பதால் மட்டும் என்ன இழுக்கு வந்துவிடும்?

‘பாடங்களுக்கே நேரம் போதவில்லை, தையலுக்கு நேரம் ஏது?’ என வினவுவாரும் உளர். செர்மனியில் 1837ஆம் ஆண்டில் இளஞ்சிறார்க்கெனக் கல்விக்கூடம் தொடங்கிய பிரோபெல், அட்டையில் தைத்தலைக் குழந்தைகளின் கல்வியாகவே அமைத்தார். பின்லாந்து நாடு 1866ஆம் ஆண்டிலேயே கைத்தொழிலைத் தொடக்கப் பள்ளிப் பாடங்களுள் ஒன்றாக்கிற்று. 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மாண்டிசோரி அம்மையார், பொத்தான் இடுதற்கும் கயிறு முடிதற்கும் தனிச் சட்டங்கள் செய்து குழந்தைகளின் விரல்களைப் பழக்கினார். 1937ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள், கைத்தொழிலை நடுவாக வைத்தே கல்வி அமைதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். இவர்கள் யாவரும் கையையும் அறிவையும் பிரித்துப் பார்த்தவர் அல்லர். வாரத்தில் ஒரு மணி நேரம் தையலுக்கு ஒதுக்குவதால் கணக்கும் மொழியும் குன்றிவிடா.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சிறுவர் செய்யும் தையல் விலைக்குரியதாக மாறுதல் கூடாது. பூவேலைத் தொழிலில் பிஞ்சுக் கைகளை வருத்திப் பொருள் ஈட்டிய கொடுமையை இந்நாடு கண்டதுண்டு. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரை வேலைக்கு அமர்த்துதல் 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தடுக்கப்பட்டுள்ளது. பள்ளியில் தைப்பது கற்றற்பொருட்டே ஆதல் வேண்டும். எண்ணிக்கையும் விரைவும் அங்கு அளவுகோல் ஆகா. கண் களைத்தால் ஊசியை வைத்துவிடலாம் என்னும் உரிமை குழந்தைக்கு இருத்தல் வேண்டும். ஊசி குத்திவிடும் என்று அஞ்சுவோர்க்கும் இதுவே விடை: மழுங்கிய ஊசியில் தொடங்கி, ஆசிரியர் அருகிருந்து, எடுத்த ஊசிகளை எண்ணித் திரும்ப வைக்கப் பழக்கினால் அச்சத்திற்கு இடமில்லை.

பொறிகள் தைக்கும்போது கை எதற்கு என்பதே இறுதி வினா. பொறி ஆயிரம் சட்டைகளைத் தைக்கும். ஆனால் கிழிந்த ஒரு சட்டையை எடுத்து, கிழிசலின் போக்கை நோக்கி, அதற்கேற்ப நூலிடுவது மனிதக் கையே. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது பழமொழி. கந்தையைக் கசக்குதற்கு முன் தைக்கவும் அறிந்திருத்தல் நலம். பொறிகள் மிகுந்த ஊரில்தான் கைப்பழக்கம் மிகுதியாக வேண்டப்படுகிறது. அங்கேதான் அது விரைவில் மறக்கப்படும்.

இரவுப் பணிக்குப் புறப்படும் தந்தையின் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்குகிறது. பள்ளியில் தையல் பயின்ற மகன் ஊசியில் நூல் கோத்து, நான்கு முறை ஏற்றி இறக்கி, அடியில் முடிச்சிட்டுத் தருகிறான். தந்தை அச்சட்டையை அணிந்துகொண்டு ஆலைக்குச் செல்கிறார். அப்பொத்தானைத் தைத்த கை, தானும் ஒரு பொருளைச் சீர்செய்ய வல்லது என்பதை அறிந்துகொண்டது. அவ்வறிவை ஒவ்வொரு குழந்தைக்கும் அளிப்பது பள்ளியின் கடமை.